எக்செல்லில் போட்ட புள்ளியியல் கணக்கை நம்பலாமா?

ஒரு வேலையை முடிக்க 212 பேர் எடுத்துக்கொண்ட நேரத்தை எக்செல்லில் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். சரிபாதி, அதாவது 106 பேர், பயிற்சி பெற்றவர்கள். மற்ற 106 பேர் பெறாதவர்கள். மொத்தப் பேருக்கும் திட்ட விலக்கம், அதாவது நேரங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, எக்செல்லில் 6.03 நிமிடம் என்று வருகிறது. நண்பர் அதே எண்களைப் பைத்தான் நிரல்மொழியில் போட்டால் 6.02 என்கிறது. எது தப்பு, எக்செல்லில் புள்ளியியல் பார்ப்பதே தப்பா, மூன்று வாரத்துக்குள் ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியைக் கற்றுக்கொண்டே தீர வேண்டுமா என்று கேட்கிறீர்கள். 'எக்செல் கணக்கை நம்பாதே' என்று வழிகாட்டி வேறு சொல்லிவிட்டார். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எக்செல் ஒழுங்காகக் கூட்டிக் கழிக்கிறதா என்பது ஒன்று. நாளைக்கு ஒருவர் உங்கள் ஷீட்டைத் திறந்து 'இந்த எண் எங்கிருந்து வந்தது' என்று கேட்டால் உங்களால் காட்ட முடியுமா என்பது இன்னொன்று. உங்களுக்குத் தேவைப்படும் கணக்குகளைப் பொறுத்தவரை முதல் கேள்விக்குத் தயங்காமல் ஆமாம் என்பேன். இரண்டாவதில்தான் பதினைந்து வருடமாகக் கணக்கெடுப்புத் தரவுகளோடு மல்லுக்கட்டும் நானும் வழுக்கி விழுந்திருக்கிறேன்.

முதலில் 6.02, 6.03 விவகாரத்தை முடித்துவிடுவோம். இரண்டும் சரி. கையால் போட்டுப் பார்க்க 4, 7, 8, 9, 12 என்று ஐந்து எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 8. விலகல்கள் -4, -1, 0, 1, 4. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 34. இதை 5 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 2.61, 4 ஆல் வகுத்து எடுத்தால் 2.92. எக்செல்லில் எஸ்டிடெவ்.பி என்பது முதல் வகை, எஸ்டிடெவ்.எஸ் இரண்டாவது. கையில் இருப்பவர்களைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள் என்றால் பி. இவர்களை ஒரு மாதிரியாக வைத்து, பார்க்காத மற்றவர்களைப் பற்றியும் ஏதோ சொல்லப் போகிறீர்கள் என்றால் எஸ். ஒன்றைக் குறைத்து வகுப்பதற்குக் காரணம் உண்டு. விலகலை நாம் உண்மையான சராசரியிலிருந்து அளக்கவில்லை, இதே எண்களிலிருந்து எடுத்த சராசரியிலிருந்து அளக்கிறோம். அந்தச் சராசரி இந்த எண்களுக்கு நடுவில் வசதியாக உட்கார்ந்துகொள்வதால் விலகல்கள் கொஞ்சம் சின்னதாகவே தெரியும். அதை ஈடுகட்டத்தான் வகுக்கும் எண்ணில் ஒன்றைக் குறைப்பது. ஐந்து பேர் என்றால் இந்த வித்தியாசம் பெரிது. 212 பேர் என்றால் இரண்டாம் தசமத்தில் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். உங்கள் நண்பர் பெரும்பாலும் நம்பை நூலகத்தைப் பயன்படுத்தியிருப்பார். எதுவும் சொல்லாமல் விட்டால் அது மொத்த எண்ணிக்கையாலேயே வகுக்கும். அதே பைத்தானில் பாண்டாஸ் நூலகமும், ஆர் மொழியும் ஒன்றைக் குறைத்து வகுக்கும். உங்களுக்கு வேண்டியது 6.03.

வழிகாட்டி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அது பெரும்பாலும் பழைய நியாயம். 2003 பதிப்புக்கு முன்பிருந்த எக்செல், திட்ட விலக்கத்தைக் குறுக்குவழியில் கணக்கிட்டது: வர்க்கங்களின் கூட்டலிலிருந்து கூட்டலின் வர்க்கத்தைக் கழிக்கும் வழி. தாளில் இது சரியான சூத்திரம்தான். கணினியிலோ எண்கள் பெரிதாகவும் அவற்றுக்கிடையே வித்தியாசம் சிறிதாகவும் இருந்தால் இரண்டு ராட்சத எண்களைக் கழித்து ஒரு துளியை எடுக்க வேண்டிவரும், அந்தத் துளி நழுவிவிடும். 10,00,00,001, 10,00,00,002, 10,00,00,003 என்ற மூன்று எண்களுக்கு எஸ்டிடெவ்.எஸ் போட்டுப் பாருங்கள். சரியான விடை 1. இன்றைய எக்செல் அதைச் சரியாகவே தரும். புள்ளியியல் துறையினர் தொண்ணூறுகளிலிருந்தே இதைப் பற்றிக் கடுமையாக எழுதிவந்தார்கள். 2003இல் ஒரு சுற்றும், 2010இல் இன்னொரு சுற்றும் திருத்தம் நடந்தது. எஸ், பி என்று வாலோடு இருக்கும் இன்றைய பெயர்கள் 2010இல் வந்தவை. உங்களிடம் இருப்பது அதற்குப் பிந்தையது என்றால் சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பது), டி சோதனை (இரண்டு சராசரிகளை ஒப்பிடுவது), நேர்க்கோட்டுப் போக்கு ஆகியவற்றில் எண்கணிதம் பற்றிக் கவலை வேண்டாம். லிப்ரே ஆபிஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் இரண்டுக்கும் இதையே சொல்வேன்.

எக்செல்லின் இரண்டு குணங்களை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணிலும் 15 இலக்கங்கள்தான் நிற்கும். 16 இலக்க அடையாள எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், அதனால் அடையாள எண்களை எழுத்தாகவே வையுங்கள். இன்னொன்று, சமக்குறி போட்டு -2^2 என்று தட்டினால் எக்செல் 4 என்று சொல்லும், -4 என்று சொல்லாது. அது கழித்தல் குறியை எண்ணோடு முதலில் ஒட்டிக்கொண்டு, பிறகுதான் அடுக்கைப் போடும். மணிவடிவ வளைவின் சூத்திரத்தைத் தானே தட்டுகிறவர்கள் கவிழ்வது இங்கேதான். அடைப்புக்குறி போட்டுவிட்டால் தீர்ந்தது.

உண்மையான ஆபத்து கணக்கு தொடங்குவதற்கு முன்பே ஷீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். வயதுப் பிரிவு என்று ஒரு நெடுவரிசை வைத்து அதில் '5-9' என்று தட்டிப் பாருங்கள். எக்செல் அதை ஒரு தேதியாக எடுத்துக்கொள்ளும். கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்து மே 9 ஆகவோ செப்டம்பர் 5 ஆகவோ ஆக்கிவிடும். திரையில் தேதி மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இருப்பது நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஓர் எண். பின்னால் அந்த நெடுவரிசைக்குச் சராசரி எடுத்தால் அசராமல் எடுத்துக் கொடுக்கும். இது ஏதோ கற்றுக்குட்டிகள் செய்யும் தப்பு என்று நினைக்காதீர்கள். மனித மரபணுக்களில் 'மார்ச்1', 'செப்ட்2' என்றெல்லாம் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றையும் தேதிகளாக்கியது. எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஒரு ஆய்வு காட்டியது. கடைசியில் 2020இல் பெயர் சூட்டும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. மென்பொருளை மாற்றுவதைவிட மனித மரபணுவின் பெயரை மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, தட்டத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசையின் வடிவமைப்பை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுவது. தட்டியபின் மாற்றினால் மூல எழுத்து திரும்பி வராது, அந்த ஐந்திலக்க எண்தான் வரும்.

இதன் மறுபக்கம், எண் போலவே தெரிந்து எழுத்தாக இருப்பது. வேறெங்கிருந்தோ ஒட்டிய '21.5'க்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தால் போதும். சராசரியும் கூட்டலும் அந்தச் செல்லைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், பிழைச் செய்தி எதுவும் வராது. நீங்களாக ஓரம் ஒதுக்காதவரை எண்கள் செல்லின் வலப்பக்கமும் எழுத்துகள் இடப்பக்கமும் ஒட்டி நிற்கும் என்பது முதல் தடயம். அதைவிடக் கறாரான சோதனை ஒன்று உண்டு. கவுன்ட் என்ற ஃபார்முலா எண்களை மட்டும் எண்ணும்; கவுன்ட்-ஏ காலியில்லாத எல்லாவற்றையும் எண்ணும். எண்கள் இருக்க வேண்டிய ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அடியில் இரண்டையும் போட்டு வையுங்கள். 212, 212 என்று வந்தால் நிம்மதி. 209, 212 என்று வந்தால் மூன்று செல்களைத் தேட வேண்டும்.

விடுபட்ட விவரங்களை எப்படிக் குறிக்கிறீர்கள் என்பதில் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். 40 பேரில் 3 பேர் வேலையை முடிக்காமல் பாதியில் போய்விட்டார்கள், தட்டியவர் அங்கே 0 போட்டுவிட்டார் என்று வையுங்கள். முடித்த 37 பேரின் சராசரி 21 நிமிடம் என்றால், ஷீட் காட்டுவது 19.4. ஒன்றரை நிமிடம் காற்றோடு போய்விட்டது, அதுவும் வேலை வேகமாக முடிந்ததாகக் காட்டும் பக்கமாக. 99, 999 என்று குறியீடு போடும் பழக்கம் இதைவிட மோசம். காலியாக விட்டால் சராசரி ஃபார்முலா அதைத் தொடாது. ஏன் காலி என்பதைப் பக்கத்து நெடுவரிசையில் சொல்லால் எழுதுங்கள். செல்லுக்கு மஞ்சள் அடித்து அதையே தகவலாக வைத்துக்கொள்ள வேண்டாம், ஃபார்முலாவுக்கு நிறம் தெரியாது. அப்புறம், முடிக்காமல் போனவர்களைச் சும்மா விட்டுவிடலாமா என்பது தனிக் கேள்வி. கஷ்டப்பட்டவர்கள்தான் எழுந்து போனார்கள் என்றால் மிச்சமிருப்பவர்களின் சராசரி உண்மையைவிட அழகாகத்தான் இருக்கும். அதை எந்த மென்பொருளும் உங்களுக்குச் சொல்லாது.

என்னுடைய சொந்தக் கதை ஒன்று. ஒரு நிறுவனத்துக்காக வேலை பார்த்தபோது, படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று ஷீட்டின் நடுவில் ஒரு காலி நெடுவரிசை விட்டிருந்தேன். ஒருநாள் இடப்பக்கத்தை வயதுவாரியாக வரிசைப்படுத்தினேன். நெடுவரிசைகள் ஒட்டியிருந்தால், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தும்போது 'பக்கத்தில் இருப்பதையும் சேர்க்கட்டுமா' என்று எக்செல் கேட்கும். நடுவில் காலி இருந்ததால் தரவு அங்கேயே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டது, கேட்கவில்லை. இடப்பக்கம் புரண்டது, வலப்பக்கம் அசையவில்லை. ஒருவருடைய வயது, வேறொருவருடைய விடை. முந்தின வாரம் 0.6 இருந்த ஒட்டுறவு பூஜ்யத்தை ஒட்டி வந்தபோது, ஏதோ பெரிய கண்டுபிடிப்பு என்று இரண்டு நாள் விளக்கம் யோசித்துக்கொண்டிருந்தேன். சராசரியும் திட்ட விலக்கமும் மட்டும் பார்த்திருந்தால் கண்டுபிடித்தே இருக்க மாட்டேன், ஏனென்றால் ஒரு நெடுவரிசைக்குள் என்ன புரண்டாலும் அவை மாறாது. அன்றிலிருந்து மூலத்தரவு ஒரு ஷீட்டில் பூட்டிக் கிடக்கும், அதைத் தொடுவதே இல்லை. சுத்தம் செய்தது இரண்டாவது ஷீட்டில். கணக்கு மூன்றாவதில், எல்லாம் ஃபார்முலாவாக. ஒவ்வொரு வரிசைக்கும் இடக்கோடியில் ஒரு வரிசை எண் இருக்கும். எதைப் புரட்டினாலும் அந்த எண்ணை வைத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

ஃபார்முலா எந்தச் செல்லில் தொடங்கி எந்தச் செல்லில் முடிகிறது என்பதையும் சேர்த்தே பாருங்கள். பொருளாதாரத்தில் இதற்கு ஊரறிந்த உதாரணம் இருக்கிறது. நாட்டின் கடன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்று 2010இல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற பொருளியலாளர்கள் இருவரும் எழுதிய கட்டுரை அரசுகளின் கொள்கை விவாதங்கள்வரை போனது. தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களுடைய ஷீட்டையே கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி 30 முதல் 49ஆம் வரிசைவரை எடுக்க வேண்டியது, 44இலேயே நின்றிருந்தது. அகரவரிசையில் முதலில் வந்த ஐந்து நாடுகள் கணக்கில் இல்லை. 2013இல் அவரும் இரண்டு பேராசிரியர்களும் திருத்திப் போட்டபோது, மைனஸ் 0.1 சதவீதம் என்றிருந்த வளர்ச்சி 2.2 ஆனது. எக்செல்லைத் திட்டுகிறவர்கள் இந்தக் கதையைப் பாதிதான் சொல்வார்கள். அந்த வித்தியாசத்தில் செல் பிழையின் பங்கு சிறியது. பெரும்பகுதி சில ஆண்டுகளின் தரவை விட்டதாலும், நாடுகளுக்கு எடை கொடுத்த விதத்தாலும் வந்தது. அதோடு, பிழை வெளியே வந்ததே ஷீட்டில் ஃபார்முலா அப்படியே இருந்ததால்தான். விடைகளை மட்டும் ஒட்டி வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் பட்டியலில் விடுபட்டதும் இதே குடும்பம்தான். பழைய கோப்பு வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை, மிச்சம் உதிர்ந்துவிட்டது. இன்றைய வடிவத்தில் 10,48,576 வரிசை வரை போகலாம். உங்கள் 212க்கு அந்தப் பயம் இல்லை.

சரி, இனி உங்கள் தரவு. நேரம் சம்பந்தப்பட்ட எண்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் வால் நீண்டு இருக்கும். சிலர் மட்டும் மிக நீண்ட நேரம் எடுப்பார்கள். அதனால் சராசரியோடு இடைநிலையையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) எழுதுங்கள், இரண்டும் விலகி நின்றால் வால் இருக்கிறது என்று அர்த்தம். எதற்கும் முன்னால், எவ்வளவு நேரத்தில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று காட்டும் ஒரு பட்டை வரைபடம் (ஹிஸ்டோகிராம்) போட்டுக் கண்ணால் பாருங்கள். கால்மானத்தில், அதாவது வரிசைப்படுத்திய எண்களை நான்கு சம பங்காகப் பிரிக்கும் எல்லைகளில், ஒரு குழப்பம் வரும், பயப்பட வேண்டாம். முன்பு எடுத்த 4, 7, 8, 9, 12 என்ற ஐந்துக்கும் குவார்டைல்.ஐஎன்சி முதல் கால்மானம் 7 என்கும், குவார்டைல்.இஎக்ஸ்சி 5.5 என்கும். கால்மானத்தைக் கணக்கிட ஒன்பது வழிகள் இருப்பதாக ஹைண்ட்மேன், ஃபேன் என்ற இருவர் 1996இல் பட்டியலே போட்டிருக்கிறார்கள். ஆர் எதுவும் சொல்லாவிட்டால் தருவது ஐஎன்சி வகை. எதை எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

இரண்டு குழுக்களை ஒப்பிட டி.டெஸ்ட் போதும். அதில் நான்கு இடங்கள்: முதல் குழு, இரண்டாம் குழு, வால்களின் எண்ணிக்கை, வகை. இங்கே வால் என்பது வித்தியாசத்தை ஒரு திசையில் மட்டும் தேடுவதா (1), இரு திசையிலும் தேடுவதா (2) என்பது. வாலுக்கு 2 போடுங்கள். பயிற்சி நேரத்தைக் குறைக்கத்தான் செய்யும் என்று முன்கூட்டியே உறுதியாக இருந்தாலும் 2 போடுங்கள். வகையில் 1 என்பது அதே ஆட்களை முன்னும் பின்னும் அளந்ததற்கு. 2, இரு குழுக்களின் சிதறலும் சமம் என்று வைத்துக்கொள்வதற்கு. 3, அப்படி வைத்துக்கொள்ளாததற்கு. உங்களுடையது வேறு வேறு ஆட்கள், அதனால் 3. சிதறல் சமமாகவே இருந்தாலும் 3 போட்டு இழப்பது சொற்பம், சமமில்லாதபோது 2 போட்டு இழப்பது அதிகம் என்பதால் நான் எப்போதும் 3இலேயே நிற்பேன்.

டி.டெஸ்ட் பி மதிப்பை மட்டும் துப்பிவிட்டுப் போய்விடும். அதை மட்டும் அறிக்கையில் எழுதுவது, எவ்வளவு காய்ச்சல் என்று கேட்டவரிடம் 'காய்ச்சல் இருக்கிறது' என்று சொல்வது மாதிரி. நீங்கள் கொடுத்த எண்களையே எடுத்துக்கொள்கிறேன். பயிற்சி பெற்றவர்களின் சராசரி 19.4, திட்ட விலக்கம் 5.7, பெறாதவர்களுக்கு 22.0, 6.1. வித்தியாசம் 2.6 நிமிடம். திட்டப்பிழைக்கு, அதாவது இந்த வித்தியாசம் தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவுக்கு, 5.7இன் வர்க்கத்தை 106ஆல் வகுத்து, 6.1இன் வர்க்கத்தையும் 106ஆல் வகுத்து, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள்: 0.81. இந்த அளவு ஆட்களுக்குப் பெருக்க வேண்டிய எண் ஏறத்தாழ 1.97, எக்செல்லில் டி.இன்வ்.2டி அதைத் தரும். பெருக்கினால் 1.6. ஆக, வித்தியாசம் 1.0 முதல் 4.2 நிமிடத்துக்குள் இருக்கலாம் என்று 95 சதவீத நம்பிக்கை இடைவெளி சொல்கிறது. பி மதிப்பு 0.002க்கும் கீழே வரும். படிப்பவருக்குப் பயன்படுவது அந்த இடைவெளிதான். ஒரு நிமிடம் மிச்சமானால் இந்தப் பயிற்சிக்கு ஆன செலவு தகுமா, நான்கு நிமிடமானால் தகுமா என்று அவர் யோசித்துக்கொள்வார்.

பி மதிப்பு 0.002 என்றால் 'வித்தியாசம் இல்லை என்பதற்கு 0.2 சதவீதம்தான் வாய்ப்பு' என்று எழுதிவிடாதீர்கள். வித்தியாசமே இல்லாத உலகத்தில் இப்படியோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அது. இந்தக் குழப்பம் எவ்வளவு பரவியிருக்கிறது என்றால், அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் இதற்கென்றே தனி அறிக்கை விட வேண்டியிருந்தது. இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் நிறைய நெடுவரிசைகள் இருக்கின்றன. ஃபார்முலாவை இழுத்துவிட்டால் இருபது டி சோதனை இருபது விநாடியில் முடிந்துவிடும். எதிலுமே உண்மையில் வித்தியாசம் இல்லை, சோதனைகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால்கூட, குறைந்தது ஒன்றாவது 0.05க்குக் கீழே வர 64 சதவீதம் வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு கட்டுரை எழுதியவர்கள் ஏராளம். எதைச் சோதிக்கப் போகிறீர்கள் என்று இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

வித்தியாசம் பயிற்சியால் வந்ததா என்று கேட்டிருந்தீர்கள். யாருக்குப் பயிற்சி என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்திருந்தால் அப்படிச் சொல்லலாம். ஆர்வமுள்ளவர்கள் தாமாகச் சேர்ந்திருந்தால், ஆர்வத்தின் வேகத்தைத்தான் அளந்திருக்கிறீர்களோ என்ற சந்தேகம் நிற்கும். இதில் மென்பொருளுக்கு வேலையே இல்லை.

வயதுக்கும் நேரத்துக்கும் உள்ள ஒட்டுறவுக்குக் கொரெல் என்ற ஃபார்முலா இருக்கிறது. வயதுப் பிரிவுகளை 1, 2, 3 என்று மாற்றி அதில் போடுவதைவிட, உண்மையான வயது இருந்தால் அதையே போடுங்கள். கட்டாயம் புள்ளி வரைபடமும் வேண்டும். ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் 1973இல் நான்கு சின்னத் தரவுத் தொகுப்புகள் கொடுத்தார், ஒவ்வொன்றிலும் பதினொரு புள்ளிகள். நான்கிலும் கிடைமட்டச் சராசரி 9, செங்குத்துச் சராசரி 7.5, ஒட்டுறவு 0.82, போக்குக்கோடும் ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று இயல்பான சிதறல், ஒன்று வளைவு, ஒன்று ஒரே ஒரு புள்ளி தள்ளி நிற்கும் நேர்க்கோடு. நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க, பதினொன்றாவது தூரத்தில் தனியாக நின்றுகொண்டு மொத்த ஒட்டுறவையும் உற்பத்தி செய்கிறது. எக்செல் வரைபடத்தில் போக்குக்கோடு சேர்க்கும்போது பல்லுறுப்புக் கோவை, படி ஆறு என்றெல்லாம் ஆசை காட்டும். ஏழு புள்ளிகள் இருந்தால் ஆறாம் படி வளைவு எல்லாவற்றையும் தொட்டுவிடும், கோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் ஆர் ஸ்கொயர் 1 என்று வரும், அதற்கு அர்த்தம் ஒன்றும் இருக்காது. கோடு பூஜ்யத்தின் வழியே போகட்டும் என்ற பெட்டியையும் டிக் செய்யாதீர்கள். அப்போது ஆர் ஸ்கொயரின் வரையறையே வேறாகிவிடுவதால், மோசமான கோட்டுக்கும் நல்ல எண் வரும்.

'டேட்டா அனாலிசிஸ்' என்று மெனுவில் வரும் டூல்பேக் பற்றிக் கேட்டீர்கள். ஆட்-இன்ஸ் பகுதியில் போய் அதை இயக்கிவிட வேண்டும். வசதியானதுதான். ஆனால் அது தரும் அட்டவணை உறைந்துபோன எண்கள். பின்னால் ஒரு செல்லைத் திருத்தினால் ஃபார்முலாக்கள் தாமாக மாறும், இந்த அட்டவணை பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். ஒரே ஷீட்டில் இரண்டு உண்மைகள். பார்த்துக்கொள்ளப் பயன்படுத்துங்கள், அறிக்கைக்குப் போகும் எண் ஃபார்முலாவிலிருந்து வரட்டும்.

எக்செல்லை விட்டு இறங்க வேண்டிய இடங்களும் உண்டு. ஆம், இல்லை என்ற விடையைப் பல காரணிகளால் விளக்க வேண்டிய லாஜிஸ்டிக் முறைக்குத் தயாராக எதுவும் அதில் இல்லை. ஒரே ஆளைப் பலமுறை அளந்தது, எடை போட்ட மாதிரிக் கணக்கெடுப்பு, மாதாமாதம் அதே கணக்கைத் திரும்பப் போட வேண்டியது, இவையெல்லாம் ஆருக்கும் பைத்தானுக்கும் உரியவை. மருத்துவப் பரிசோதனைத் தரவு என்றால் என்னிடம் கேட்காதீர்கள். அது என் அனுபவத்துக்கு வெளியே, அதற்கென்று பயின்ற புள்ளியியலாளர் இருக்கிறார்கள்.

உங்கள் மூன்று வாரத்தை ஆர் கற்பதில் கரைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வேலையை எக்செல்லிலேயே முடியுங்கள். கடைசியில் ஒரு பிற்பகல் ஒதுக்கி, சுத்தம் செய்த ஷீட்டைக் கமா பிரித்த கோப்பாகச் சேமித்து ஆரில் திறந்து, சராசரி, திட்ட விலக்கம், டி சோதனை மூன்றை மட்டும் போடுங்கள். ஆரின் டி சோதனை எதுவும் சொல்லாவிட்டால் உங்கள் வகை 3ஐத்தான் செய்யும், அதனால் பி மதிப்பு ஒத்துப்போக வேண்டும். மூன்று தசமம் வரை ஒத்துப்போனால் இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வழிகாட்டியிடம் காட்டுங்கள். ஒத்துப்போகாவிட்டால் முதலில் வாலும் வகையும் சரியா என்று பாருங்கள், அடுத்து ஆர் எத்தனை வரிசை படித்திருக்கிறது என்று பாருங்கள். 211 என்று வந்தால் ஷீட்டில் தலைப்பு வரிசை போட மறந்திருப்பீர்கள். முதல் ஆளைத்தான் அது தலைப்பாக எடுத்துக்கொண்டிருக்கும்.